பழைய முகங்கள் வாங்கப் போறீங்களா? கண்டி அக்காவின் டிப்ஸ்

"அக்கா, ஹாலில் மாட்ட ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் வேணும், நல்ல முகமா இருக்கணும். எங்கே வாங்கலாம்?" என்று கேட்கிறவர்கள் ஒரு பக்கம். "தாத்தாவின் அலுமாரியில் பெட்டி நிறையப் படம் கிடக்கு, ஏலத்தில் போட்டால் நாலு காசு வருமா?" என்று கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புக்கும் என் பதில் ஒன்றுதான். உருவப்படத்துக்கு விலை வருவது முகத்தால் மட்டும் அல்ல. அதோடு சேர்ந்து வரும் விவரத்தால். நாலு கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்க: யார் எடுத்தது? யாரை எடுத்தது? எப்போது கழுவியது? யார் யார் கை மாறி வந்தது? நாலுக்கும் பதில் இருந்தால் அது சேகரிப்பு. ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது வெறும் சுவர் அலங்காரம். அலங்காரத்துக்கு உண்டான காசு மட்டும் கொடுங்க.

"போட்டோவையெல்லாம் கலை என்று யார் வாங்குவாங்க?" என்று வீட்டில் யாராவது சிரித்தால் ஆனந்த குமாரசுவாமியின் கதையைச் சொல்லுங்க. சேர் முத்து குமாரசுவாமியின் மகன். கண்டிப் பக்கம் குடியிருந்து, ஊர் ஊராகப் போய்க் கைவினைஞர்களைப் பார்த்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் பெரிய புத்தகம் போட்டவர். அதற்குப் படம் எடுத்துக் கொடுத்தது அவருடைய மனைவி எதெல். பிற்காலத்தில் குமாரசுவாமி அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். 1924இல் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் தன்னுடைய 27 படங்களை அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதைக் கேட்டு வாங்கி உள்ளே கொண்டுவந்தவர் நம்ம குமாரசுவாமிதான். புகைப்படத்துக்கு அருங்காட்சியகக் கதவு திறந்த அந்தக் காலத்திலேயே ஒரு தமிழர் கை அதில் இருந்தது.

1. முதலில் நம்ம ஊர்ப் பெயர்களைத் தெரிஞ்சுக்குங்க

கண்டியில் படம் சேர்க்கிறவர்களுக்கு ஒரு யோகம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பெரிய ஸ்டூடியோக்காரர்கள் பலர் இந்த ஊரில்தான் கடை போட்டிருந்தார்கள்.

*ஜோசப் லோட்டன்:* 1860களில் கண்டியில் ஸ்டூடியோ நடத்தியவர். 1870-71இல் அநுராதபுரம், பொலன்னறுவை, மிகிந்தலை, சிகிரியா இடிபாடுகளை எடுத்த படங்களால்தான் பெயர் நின்றது. 1872இல் இறந்துவிட்டார். அதனால் அவரே எடுத்த படங்கள் எந்தக் காலத்துக்குள் அடங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

*சார்ல்ஸ் ஸ்கோவன்:* 1873 அளவில் கண்டிக்கு ஒரு வியாபார முகவரின் உதவியாளாக வந்தவர்; 1876க்குள் சொந்த ஸ்டூடியோ. பிறகு கொழும்பிலும் ஒன்று. பெண்களின் உருவப்படங்களில் வெளிச்சத்தை மெதுவாக விழவிடுவதில் கெட்டிக்காரர். பல படங்களின் அடிமூலையில் நிறுவனத்தின் பெயரும் எண்ணும் நெகட்டிவிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: 1890களில் அவருடைய நெகட்டிவ்கள் கொழும்பு அப்போதிகரீஸ் கம்பனிக்குக் கை மாறின. ஆகவே ஸ்கோவன் எடுத்த படத்தைப் பிற்பாடு வேறொருவர் கழுவியிருக்கலாம். எடுத்த வருஷம் வேறு, கழுவிய வருஷம் வேறு.

*ஸ்கீன்:* கொழும்பில் 1860களில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டு வரை ஓடிய குடும்ப நிறுவனம். கண்டியிலும் ஸ்டூடியோ இருந்தது.

*பிளாட்டே:* 1890இல் பிளாட்டே தம்பதி கொழும்பில் தொடங்கியது. கண்டி, நுவரெலியாவிலும் கிளை. அஞ்சலட்டைகளாக ஏராளமாக வெளிவந்ததால் புதிய சேகரிப்பாளருக்குக் கை எட்டுகிற பெயர் இதுதான்.

*ஜூலியா மார்கரெட் கமரன்:* பள்ளிக்கூடத்தில் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் படித்திருப்பீங்க, 1833. அந்தக் கமரனின் மனைவி. 1815இல் கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் கமரா பிடித்து, கவிஞர் டெனிசன், விஞ்ஞானி ஹெர்ஷல் போன்றவர்களின் முகங்களை உலகத்துக்குக் கொடுத்தவர். 1875இல் குடும்பத்தின் கோப்பித் தோட்டங்களை ஒட்டி இலங்கைக்கு வந்தார். 1879இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவை சென்ற் மேரிஸ் ஆலயத்தில் அவரும் கணவரும் அடக்கம். கண்டியிலிருந்து ஒரு நாள் பயணமாகப் போய்வரக்கூடிய இடம். படம் சேர்க்கிற ஆர்வம் உள்ளவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்க.

*லயனல் வென்ட்:* 1900 முதல் 1944 வரை வாழ்ந்தவர். வக்கீல், பியானோக்காரர், புகைப்படக் கலைஞர். கண்டியில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் நெருங்கிய நண்பர். 1943இல் தொடங்கிய '43 குழு' என்ற ஓவியர் குழுவின் உயிர்நாடி. அவர் இறந்த பிறகு நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. சேகரிப்பாளருக்கு இந்த ஒரு தகவல் பொன்னுக்குச் சமம். உண்மையான வென்ட் படம் என்றால் அது அவர் வாழ்ந்த காலத்தில் கழுவியதாகத்தான் இருக்க வேண்டும். "அசல் நெகட்டிவிலிருந்து இப்போது எடுத்த பிரிண்ட்" என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்க.

2. கையில் எடுத்துப் பார்க்கும் முறை

பேராதனை வீதிப் பழம்பொருள் கடையானாலும் சரி, தோட்டத்துப் பங்களாச் சாமான் விற்பனையானாலும் சரி, கைப்பையில் மூன்று பொருள் இருக்கட்டும்: நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற பத்து மடங்கு லென்ஸ், ஒரு சின்ன ஸ்கேல், காசுத்தாள் சோதிக்கும் புற ஊதா விளக்கு.

*லென்ஸ் எதற்கு?* முகத்தின் கன்னப் பகுதியை லென்ஸில் பாருங்க. ஒழுங்கான வரிசையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் மையால் அடித்தது. புத்தகத்திலிருந்து வெட்டிய தாளாக இருக்கலாம். வென்ட்டின் படங்கள் அடங்கிய புத்தகம் 1950இல் லண்டனில் வெளிவந்தது. அப்படிப்பட்ட புத்தகத்தின் தாளை வெட்டிப் பிரேம் போட்டு 'அசல்' என்று விற்க நினைப்பவருக்கு லென்ஸ்தான் எதிரி. உண்மையான போட்டோவில் புள்ளி வரிசை இராது. நிறம் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வழுக்கிக்கொண்டு போகும்.

*ஸ்கேல் எதற்கு?* 1860களில் பரவிய சின்ன 'விசிட்டிங் கார்ட்' படங்களின் அட்டை ஏறத்தாழ 6.3 × 10 சென்ரிமீற்றர். பிறகு வந்த 'கபினெட் கார்ட்' 10.8 × 16.5 சென்ரிமீற்றர். இரண்டிலும் படம் மெல்லிய தாளில் இருக்கும், தடித்த அட்டையில் ஒட்டியிருக்கும். ஏன் ஒட்டினார்கள்? அந்தக் காலத்துத் தாளுக்கு முட்டை வெள்ளைக்கரு பூசுவார்கள். அதுதான் அல்புமின் பிரிண்ட். 1850இல் பிரான்சில் பிளாங்கார்–எவ்ரார் கண்டுபிடித்தது. தாள் மெல்லியது, தனியாக விட்டால் சுருண்டுகொள்ளும். அதனால் அட்டை.

ஒரு கபினெட் கார்ட்டைக் கையில் எடுத்தால் இப்படிப் பாருங்க. முதலில் முகத்தைப் பார்க்காதீங்க, வெள்ளைச் சட்டையைப் பாருங்க. அல்புமின் என்றால் வெள்ளை வெள்ளையாக இராது. மஞ்சள் ஏறி மோர் நிறத்தில் இருக்கும். கறுப்பு கறுப்பாக இராது. காய்ந்த மரப்பட்டை நிறம். பிறகு அட்டையின் ஓரம்: பொன்பூச்சு தேய்ந்திருக்கிறதா, மூலைகள் இயற்கையாக மழுங்கியிருக்கின்றனவா? பிறகு முன் அடியில் ஸ்டூடியோப் பெயரும் ஊரும். கடைசியில் திருப்பிப் பின்பக்கம். பென்சிலில் ஒரு பெயரோ, திகதியோ, 'அன்புடன்' என்று ஒரு வரியோ இருந்தால் விலை அங்கேயே ஏறுகிறது. விற்கிறவர் அதைக் கவனிக்கவில்லையென்றால் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாதீங்க.

*20ஆம் நூற்றாண்டுப் படங்கள்:* இவை பெரும்பாலும் ஜெலட்டின் வெள்ளி பிரிண்ட். பழையதாக இருந்தால் படத்தைச் சாய்த்துப் பிடிக்கும்போது கறுப்பான இடங்களில் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்புத் தெரியும். வெள்ளி வயதாகி மேலே வருகிறது. பார்க்கக் குறையாகத் தோன்றினாலும் அது வயதுக்கு ஒரு சாட்சி.

*புற ஊதா விளக்கு எதற்கு?* 1950களில் போட்டோத் தாளில் வெண்மை கூட்டும் இரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்தத் தாள் பளிச்சென்று ஒளிரும். '1935இல் கழுவியது' என்று விற்கும் படம் அப்படி ஒளிர்ந்தால் சொன்னது பொய். அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்பவரின் படங்களில் 1990களில் வெளியான போலிப் பிரிண்ட் விவகாரம் இந்தச் சோதனையில்தான் பிடிபட்டது. ஆனால் ஒளிரவில்லை என்பதற்காகப் பழையது என்று முடிவு கட்டாதீங்க. இந்தச் சோதனையால் பொய்யைப் பிடிக்கலாம், உண்மையை நிரூபிக்க முடியாது.

*நாட்டின் பெயர்:* அட்டையில் 'சிலோன்' என்று இருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது. டி.எஸ். சேனநாயக்க வீதிக்குப் பதில் 'திருகோணமலை வீதி' என்று முகவரி இருந்தாலும் ஒரு துப்புத்தான். ஆனால் நம்ம ஊரில் பழைய பெயரை யாரும் லேசில் விடமாட்டார்கள், அதனால் இதை மட்டும் நம்பி விலை பேசாதீங்க.

3. பெயர் இல்லாத முகங்கள்

இந்த இடத்தில் அக்கா கொஞ்சம் அழுத்திச் சொல்வேன்.

ஸ்கோவன், ஸ்கீன், பிளாட்டே காலத்துப் படங்களைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் குத்தும். கண்டிப் பிரதானிகள் முழு உடுப்பில் நிற்கும் படங்களில் பெயர் அகப்படும். துரைமாருக்கும் துரைசாணிமாருக்கும் பெயர் உண்டு. காதில் பாம்படம், மூக்கில் மூக்குத்தி, கழுத்து நிறைய நகையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு மட்டும் 'தமிழ்ப் பெண்' என்றோ 'தமிழ்க் கூலி' என்றோ ஒரு தலைப்பு. சுற்றுலா வந்தவர்கள் ஊருக்கு வாங்கிக்கொண்டு போவதற்காக எடுத்தது. அந்த நகை அவளுடையதா, ஸ்டூடியோவில் மாட்டிவிட்டதா என்றுகூட படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கமரன் அம்மையாரும் இதற்கு விலக்கல்ல. 1877இல் களுத்துறையில் அவர் எடுத்த ஓவியர் மரியன் நோர்த்தின் படத்துக்குப் பெயர் இருக்கிறது. நோர்த்தும் தன் நினைவுக் குறிப்பில் அந்தச் சம்பவத்தை எழுதிவைத்திருக்கிறார். அதே களுத்துறையில் எடுத்த உள்ளூர் ஆட்களின் படத்துக்குத் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு'. அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்வது இரண்டு.

ஒன்று, இப்படிப்பட்ட படத்தை வாங்கும்போது பழைய தலைப்பை அழிக்காதீங்க, மறைக்கவும் வேண்டாம். அதுவும் சரித்திரம். ஆனால் உங்கள் பதிவேட்டில் நீங்கள் எழுதும்போது 'பெயர் பதியப்படாத தமிழ்ப் பெண், கண்டி ஸ்டூடியோ' என்று எழுதுங்க. அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை, பதியவில்லை.

இரண்டு, மலையகக் குடும்பப் படங்களைக் குப்பை விலைக்குத் தள்ளாதீங்க. கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை, ஹற்றன் ஸ்டூடியோக்களில் கலியாணத்துக்கும் தீபாவளிக்கும் வேலைக்குச் சேர்ந்ததற்கும் எடுத்த படங்கள் நம்ம ஆட்கள் தாங்களே காசு கொடுத்து, தங்கள் விருப்பப்படி உட்கார்ந்து எடுத்துக்கொண்டவை. இந்தியாவில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடி எண்மமாக்கியது. அங்கே ஆய்வாளர்கள் தேடிப் போகும் பொருள் இங்கே அலுமாரியில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது.

4. காசு கொடுக்கும் முன்

*படம் எப்படி வந்தது என்று கேளுங்க.* "ஒரு பெரிய வீட்டிலிருந்து வந்தது" என்பது பதில் அல்ல. எந்த ஊர், எந்தக் காலம், விற்றவருக்கு உரிமை உண்டா? பதிலை பில்லில் எழுதி வாங்குங்க.

கனடாவில் நடந்ததைக் கேளுங்க. 1941இல் யூசுப் கார்ஷ் எடுத்த சேர்ச்சிலின் உறுமும் முகம் உலகப் பிரசித்தம். அதன் ஒரு பிரிண்ட் ஒட்டாவாவில் ஷாட்டோ லோரியே ஹோட்டல் சுவரில் தொங்கியது. 2022 ஓகஸ்டில் ஒரு ஊழியர் பார்த்தார்: பிரேம் மற்றப் படங்களின் பிரேம் மாதிரி இல்லை. கழற்றினால் கையெழுத்தும் போலி! அசலை எப்போதோ தூக்கிவிட்டுப் போலியை மாட்டியிருக்கிறார்கள். அசல் அதற்குள் லண்டனில் ஏலம் போய், இத்தாலியில் ஒருவர் வீட்டில் இருந்தது. நல்ல எண்ணத்தோடு ஏலத்தில் வாங்கியவர் 2024இல் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பெரிய ஏல நிறுவனம் விற்றது என்பதால் மட்டும் பொருள் சுத்தமாகிவிடாது.

*பிரேமைத் திறந்து காட்டச் சொல்லுங்க.* மறுத்தால் அந்தப் படம் வேண்டாம். பின்பக்கம் பார்க்காமல் வாங்குவது பாதிப் படத்தை வாங்குவது.

*ஒரே படம், பல பிறவி.* கமரன் இலங்கைக்குப் புறப்பட்ட காலத்தில் தன் படங்கள் பலவற்றை லண்டன் ஓட்டோடைப் கம்பனி மூலம் மங்காத கார்பன் பிரிண்டாகவும் எடுக்கவைத்தார். அதே முகம், அதே கலைஞர். ஆனால் அவர் கையாலேயே கழுவிய அல்புமினுக்கும் கம்பனி போட்ட கார்பனுக்கும் சந்தை வேறு. எந்த வகை என்று கேட்காமல் விலை பேசாதீங்க. அவருடைய அசல் பிரிண்டுகளில் விரல் தடம், கீறல், மருந்து வழிந்த அடையாளம் எல்லாம் சாதாரணம். இவற்றுக்காக விலை குறைக்கச் சொல்லிக் கேட்டால் உங்களுக்கு விஷயம் தெரியாது என்று விற்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

*ஒப்பிட்டுப் பாருங்க.* பிரித்தானிய நூலகம், அமெரிக்காவின் கெற்றி அருங்காட்சியகம் இரண்டிலும் பழைய இலங்கைப் படங்கள் இருக்கின்றன. இந்தியாவில் இப்ராகிம் அல்காசியின் சேகரிப்பிலும் இலங்கைப் படங்கள் உண்டு. தமிழில் தேட நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகம் இருக்கிறது. புத்தகம் வேண்டுமானால் இஸ்மத் ரஹீமும் பேர்சி கொலின் தோமேயும் 2000இல் எழுதிய பிரித்தானிய இலங்கைப் படங்கள் பற்றிய நூலைத் தேடிப் பிடியுங்க.

5. ஏலத்துக்குப் போகும்போது

ஏலம் என்றால் பயப்பட வேண்டாம். மலைநாட்டுக்காரருக்கு ஏலம் புதுசா? 1883இலிருந்து கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிறது. தரகர் பட்டியல் போடுவார், மாதிரி அனுப்புவார், வாங்குபவர் ருசி பார்த்துக் குறித்துக்கொண்டு பிறகுதான் விலை கேட்பார். ருசி பார்க்காமல் யாரும் தேயிலைக்கு விலை கேட்பதில்லை. படத்திலும் அப்படியே நடந்துகொள்ளுங்க.

*நிலை அறிக்கை கேளுங்க.* எங்கே கிழிசல், எங்கே பூஞ்சணம், எங்கே சாயம் தொட்டுத் திருத்தியிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கை. நல்ல நிறுவனம் கேட்டவுடன் அனுப்பும். பின்பக்கத்தின் படமும் கேட்டு வாங்குங்க.

*மதிப்பீட்டை விலை என்று நினைக்காதீங்க.* பட்டியலில் 'இவ்வளவு முதல் இவ்வளவு' என்று இருப்பது ஊகம். அதற்குக் கீழே, விற்பவரும் நிறுவனமும் மட்டும் அறிந்த அடிவிலை ஒன்று இருக்கும். அதற்குக் குறைந்தால் படம் விற்காமல் திரும்பிவிடும்.

*சுத்தியல் விலைக்கு மேலே காசு வையுங்க.* சுத்தியல் விழுந்த விலையோடு வாங்குபவர் கட்டணம் சேரும். உலகப் பெரிய நிறுவனங்களில் அது நூற்றுக்கு இருபத்தைந்தைத் தாண்டுவது சகஜம். நூற்றுக்கு 26 என்று வைத்துக்கொண்டால், ஒரு இலட்சத்துக்குக் கேட்ட படம் ஒரு இலட்சத்து இருபத்தாறாயிரம். அதற்கு மேல் அனுப்புகூலி, காப்புறுதி, சுங்க வரி. வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால் காசு அனுப்பும் முறையை வங்கியில் முன்கூட்டியே கேட்டுவைங்க.

*உச்ச விலையைக் கடதாசியில் எழுதுங்க.* ஏலம் தொடங்கும் முன்பே, கட்டணமும் சேர்த்து. எழுதியதைத் தாண்டாதீங்க. "இன்னும் ஒரே ஒரு தரம்" என்று கை தூக்கிய இடத்தில்தான் வீட்டுச் செலவுக் காசு போகும்.

*வந்த வழி விலை ஏற்றும்.* 2022 மே மாதம் நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் மேன் ரே என்ற புகைப்படக் கலைஞரின் 1924ஆம் ஆண்டுப் படம் ஒன்று, பெண்ணின் முதுகை வயலின்போலக் காட்டுவது, ஏறத்தாழ 12.4 மில்லியன் டொலருக்குப் போனது. மதிப்பீடு 5 முதல் 7 மில்லியன்தான். விற்ற குடும்பம் 1962இல் கலைஞரிடமிருந்தே நேரடியாக வாங்கியது. கலைஞர், ஒரு குடும்பம், ஏலம். நடுவில் இருட்டு இல்லை. நம்முடைய படத்துக்கு மில்லியன் வராது, ஆனால் விதி ஒன்றுதான்.

6. விற்கப் போறீங்களா?

- துடைக்காதீங்க, ஒட்டாதீங்க, லாமினேட் பண்ணாதீங்க. 'சுத்தம்' பண்ணிய படத்தைவிட அழுக்கோடு இருக்கும் படத்துக்கு விலை அதிகம்.
- அல்பத்தைப் பிரிக்காதீங்க. வரிசையும் கையெழுத்தும் சேர்ந்ததுதான் ஆதாரம். நல்ல முகத்தை மட்டும் பிடுங்கிக் கேட்கிற வியாபாரிக்கு மீதியையும் சேர்த்து விலை சொல்லுங்க.
- விற்கும் முன் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுங்க. குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு பிரதி அனுப்புங்க. சகோதரங்களிடம் கேட்காமல் விற்றால் படத்தோடு உறவும் போகும்.
- வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பும் முன் தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்க. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டம் இரண்டும் இருக்கின்றன. பழைய பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளியே கொண்டுபோனால் பிரச்சினை ஏல நிறுவனத்துக்கு இல்லை, உங்களுக்கு.
- படம் உங்களுடையது என்பதால் பதிப்புரிமையும் உங்களுடையது ஆகாது. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி அது படைத்தவரின் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 70 வருஷத்துக்கும் உண்டு. வென்ட் போன்றவர்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. 1980களில் ஒரு கண்டி ஸ்டூடியோ எடுத்ததை வாழ்த்து அட்டை போட்டு விற்க நினைத்தால் முதலில் உரியவரைக் கேளுங்க.

7. கண்டி ஈரத்திலிருந்து காப்பாற்ற

ஏலத்தில் எவ்வளவு கொடுத்தாலும் இரண்டு மழைக்காலம் போதும், எல்லாவற்றையும் பூஞ்சணம் தின்றுவிடும். ஐப்பசி கார்த்திகையில் கண்டி வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

- மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீங்க, உள்சுவர்தான் நல்லது. பிரேமின் பின் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று போகும்.
- படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. நடுவே ஜன்னல் வெட்டிய அட்டை வையுங்க, அமிலம் இல்லாத அட்டையாக. ஏற்கெனவே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்காதீங்க. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்துவிட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்க.
- சாமி அறை வேண்டாம். விளக்குப் புகை, சாம்பிராணி, கற்பூரம் மூன்றும் படத்துக்கு ஆகாது. இறந்தவர் படத்தின் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைக்கும்போது நீர்த்த சந்தனம் மெதுவாக வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கும். முதலில் கறை விழுவது படத்தின் அடி விளிம்பில், அதாவது ஸ்டூடியோப் பெயர் இருக்கும் இடத்தில். பொட்டும் மாலையும் பிரதிக்கு வையுங்க, அசலைப் பெட்டியில் வையுங்க.
- பசை பூசிய பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள அல்பங்கள் படத்துக்கு எமன். பொலியெஸ்டர் உறை நல்லது. மணக்கும் பிளாஸ்டிக் உறை கூடாது. சிலிக்கா ஜெல் பை போட்டால் ஈரம் குடித்ததும் காயவைத்து மாற்றுங்க. பூச்சி உருண்டை படத்தைத் தொடவே கூடாது.
- கழுவி உலர்த்திய கையால் ஓரத்தைப் பிடியுங்க. பின்பக்கம் எழுத மெல்லிய பென்சில் மட்டும், அதுவும் ஓரத்தில், அழுத்தாமல். 1970களுக்குப் பிறகு வந்த வழுவழுப்புத் தாளில் பென்சில் பிடிக்காது; அதற்கு உறையின் மேல் எழுதுங்க.

8. புதிதாக எடுக்கிறவர்களையும் மறக்காதீங்க

பழையது வாங்கக் காசு இல்லையென்றால் இன்றைய கலைஞரிடம் வாங்குங்க. கொழும்பில் பெயர்ஃபுட், சஸ்கியா பெர்னாண்டோ போன்ற கலரிகளுக்குப் போய்ப் பாருங்க. கண்டியில் கண்காட்சி நடந்தால் தொடக்க நாளிலேயே போங்க. வாங்கும்போது கேட்க வேண்டியது: மொத்தம் எத்தனை பிரிண்ட், இது எத்தனையாவது, கலைஞரின் கையெழுத்து எங்கே, எந்தத் தாள், எந்த மை? '3/10' என்றால் பத்தில் மூன்றாவது. பத்து முடிந்த பிறகு வேறு அளவில் இன்னும் பத்து போடுவாரா என்றும் கேளுங்க, எழுத்தில் வாங்குங்க. படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா என்பதையும் கேளுங்க. நூறு வருஷத்துக்கு முன்பு கேட்காத கேள்வியை நாமாவது கேட்போம்.

கடைசியாக ஒன்று. படம் வாங்கக் காசு சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். வேலை வீட்டிலேயே இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவையோ அப்பாயியையோ பக்கத்தில் உட்காரவைத்து, பெட்டியில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எப்போது, எந்த ஸ்டூடியோ என்று கேட்டு எழுதுங்க. அவர்கள் போன பிறகு எந்த நிபுணரைக் கேட்டாலும் அந்தப் பெயர்கள் கிடைக்காது.